கதவோடு போன எண்கள்

14-2-1961, செவ்வாய்.

குடிக்கணக்கெடுக்கும் இராமசுப்பு ஆகிய நான், இன்று கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கிறேன். புதுமடத்துக்குக் கிழக்கே உள்ள கடலோரக் குப்பத்தில், மூன்று மாதத்துக்கு முன் வீடுதோறும் கதவில் தாரால் எண் எழுதியவன் நானே. இன்று ஒரு வீட்டைத் தவிர எதிலும் கதவே இல்லை, ஆளும் இல்லை. என் எண்களைத் தேடி வீடு வீடாக நடந்தேன்.

அந்த ஒரு வீட்டில் எஞ்சியிருந்த காளியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஊத்துத் தண்ணி உப்பாயிருச்சு சார். எல்லாரும் உச்சிப்புளிக்குப் போய்ட்டாக. கதவப் பேத்துத் தூக்கயில உங்க நம்பரும் கூடவே போயிருச்சு." பிறகு குரல் தணிந்தது. "நாளைக்கு எனக்கும் வண்டி வருது. எங்க ஊருப் பேர அடிச்சிருவீகளா?"

ஒருவரும் இல்லையென்றால் குடியில்லா ஊர் என்றே நான் எழுதவேண்டும். ஆனால் ஆளைக் கண்ட இடத்தில் கணக்கெடு என்பதும் விதி. இன்று அவளை அங்கே கண்டேன். அப்போது எழுதாமலே திரும்பிவிட்டேன். இப்போதே படிவத்தை எடுத்து, வீடு ஒன்று, ஆள் ஒன்று என்று எழுதிக் கையொப்பமிடுவேன்.