மூன்று முறை அடித்த வரி

டாக்டர் அவர்களுக்கு,

எட்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்காக என் மகள் எழுதிய கட்டுரையை நான்தான் திருத்தினேன். அதில் ஒரு வரி: "அம்மா பிழைத்துவிடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள், பெரியப்பா மட்டும் என் உயரத்துக்குக் குனிந்து உண்மையைச் சொன்னார்."

ஒன்பது வயதுக் குழந்தையிடம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னீர்கள். அதற்குத்தான் உங்களை வார்டை விட்டு வெளியே போகச் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன்.

அந்த வரியைச் சிவப்பு மையால் மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினாள்.

"இத எடுத்துட்டா மிச்சமெல்லாம் உங்க கட்டுரைப்பா. நீங்களே போய் டாக்டருக்குப் படிங்க."

"வாய் அப்படியே உங்கம்மா."

"பெரியப்பா சொன்னதாலதான் அன்னிக்கு முழுக்க அம்மா பக்கத்துலயே படுத்திருந்தேன். நீங்க மருந்துக்கடை மருந்துக்கடையா அலைஞ்சீங்க."

அந்த வரியோடுதான் விண்ணப்பம் போனது.

செவ்வாய்க்கிழமை உங்கள் ஊரில் நேர்காணல். உங்கள் வீட்டில்தான் தங்குவாளாம். என்ன கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். நான் எழுதியதை அவளிடம் சொல்லாதீர்கள்.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கப் போகிறேன். போட்டால், அதற்கு மேலே 'உங்கள் தம்பி' என்று எழுத வேண்டியிருக்கும்.