ஒன்பது மணிக் காய்ச்சல்

மார்ச் 4
அம்மா இன்று தனக்கே ஊசி போட்டுக்கொண்டாள். குழந்தைகளைக் கொல்லும் காய்ச்சலுக்காகப் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு அவள் உருவாக்கிய தடுப்பூசி. "என் உடம்புல போட்டுப் பார்க்காம ஊரார் பிள்ளைக்குப் போடுவேனா?" என்றாள். அப்பா, "ஆய்வுக்கூடத்துல எலி தீர்ந்துபோச்சாம், உங்கம்மாவே எலியாயிட்டா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

தினமும் இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் பார்த்துச் சோதனைத் தாளில் எழுதுவது என் வேலை. பேனாவில்தான். அழிக்கக் கூடாது.

மார்ச் 5
101. போர்வைக்குள் டார்ச் வைத்து இதை எழுதுகிறேன்.

மார்ச் 6
103. நூற்றுநாலைத் தொட்டால் ஆஸ்பத்திரி, சோதனையும் நின்றுவிடும். அம்மாவே போட்ட விதி. "இத்தனை வருஷமும் வீணாப் போயிடும் கண்ணு" என்று என் கையைப் பிடித்தாள். அடுப்பு மாதிரி கை.

மார்ச் 7
104.2.
தாளில் 103.2 என்று எழுதிவிட்டேன். அப்பா அதைப் பார்த்து "அப்பாடா" என்று படுக்கப் போனார்.

ஏன் அப்படி எழுதினேன்? அம்மாவுக்காகத்தானே? பக்கத்து அறையில் பிதற்றுகிறாள். என் பேர் இல்லை, காய்ச்சல் வார்டில் குழந்தைகளின் படுக்கை எண்கள். ஏதாவது ஆயிட்டா? ஐயோ, நான்தானே... போய்ச் சொல்லணும். சொல்லிடறேன் —

மார்ச் 11
அன்று ராத்திரியே சொன்னேன். அப்பா சட்டைகூடப் போடாமல் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா இன்றுதான் கண் திறந்தாள்.

மார்ச் 14
அடிப்பாள் என்று நினைத்தேன். தாளைக் கேட்டாள். 103.2 மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். "பக்கத்துல சரியானதை எழுது. கையெழுத்துப் போடு, தேதியும். தப்பும் தெரியணும். நாளைக்கு யாரோ இதை நம்பித்தான் ஊசி போட்டுக்குவாங்க."

என் கையெழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தது. அம்மாவின் ஆய்வுக்கூட உதவி டாக்டர் எட்டிப் பார்த்து, "நூத்திமூணுன்னே இருந்திருந்தா, இதே அளவு மருந்தைத்தான் குழந்தைகளுக்கும் போட்டிருப்போம்" என்றார்.

ஜூலை 22
மருந்தின் அளவைப் பாதியாக்கி, அம்மா மறுபடியும் தனக்கே போட்டுக்கொண்டாள். "எலிக்குப் புத்தி வராது" என்று முணுமுணுத்தபடி அப்பா வெந்நீர் வைக்கப் போனார்.

ஒன்பது மணிக்குத் தெர்மாமீட்டரை என்னிடமே நீட்டினாள்.

99.4. விளக்கடியில் இரண்டு தடவை பார்த்தேன். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம்தான் எழுதினேன்.