தலைவலிக்கு ஒரு மீன்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கவே பயம். தலைவலி என்றுதான் எழுதுவாய். எங்கள் அருங்காட்சியகத்தில் தலைவலியின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்கள். விளக்கப் பலகைகள் எழுதுவது நான்தான். பழைய ரோமில், தொட்டால் ஷாக் அடிக்கும் மீனை உயிரோடு நெற்றியில் வைத்து, மரத்துப்போகும்வரை எடுக்க மாட்டார்களாம். அதற்கும் வெகுகாலம் முன்பே மண்டையோட்டில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், தலைவலிக்காகவும் இருக்கலாமாம். உனக்கு மீனா, ஓட்டையா? யோசித்து எழுது.

மருமகள் குட்டிக்கு மாமாவின் முத்தம்.

உன் தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தவணை முறையில்தான் படித்தேன். வெள்ளைத் தாளே கண்ணைக் குத்துகிறது. மீனை நினைத்துச் சிரித்தேன். சிரித்த பாவத்துக்கு இடது நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடி.

தையல் கூடத்து ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார முடியாமல் வேலை போய்விட்டது. "தலைவலி யாருக்கும்மா இல்ல?" என்றார் மேற்பார்வையாளர். உன் அத்தானோ, "ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே, அப்புறம் என்ன?" என்கிறார். படத்தில் விழாத வலியை யாரிடம் காட்டுவது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஓட்டை போட்டவர்களுக்கு வலி நின்றதா?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

தெரியாது. ஓட்டையின் விளிம்பில் எலும்பு வளர்ந்திருப்பதால், சிலர் பிழைத்தார்கள் என்று மட்டும் சொல்ல முடிகிறது. அட்டையை விட்டு ரத்தம் எடுத்தது, நெற்றியில் சூடு வைத்தது, எல்லாம் எழுதிவிட்டேன். "குணமானார்" என்று ஒரு பலகையில்கூட எழுத முடியவில்லை.

கேலி செய்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே தலைவலிக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், புது ஊசி போடுகிறாராம். குட்டியையும் கூட்டிக்கொண்டு வா.

தம்பி

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

அந்த ஊசியை இங்கேயும் போட்டார்கள். என் வலி அதற்குக் கேட்கவில்லை.

போன வாரம் குட்டி நாற்காலியிலிருந்து விழுந்து கை முறிந்தது. பக்கத்து அறையில் இருட்டில் படுத்திருந்தேன். என் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. அத்தான் வந்து பார்த்தபோது, பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளாம்.

"ஏன்டி அம்மாவைக் கூப்பிடல?" என்றேன்.

"உனக்கு வலிக்கும்ல" என்றாள்.

அவளை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இனிப் பள்ளிக்கூடமும் அங்கேதான். அத்தானும் அங்கிருந்தே வேலைக்குப் போகிறார். ஊரே கேட்கும்படி கத்தி வளரட்டும் அவள். என்னைப் போய்ப் பார் என்று யாரிடமும் சொல்லாதே. நீயும் வராதே.

வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. தலைவலி அப்படியேதான் இருக்கிறது.

அக்கா