பத்துப் பேரும் குதிரை என்றதைப் பற்றி

வீரசோழன்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் சமீனாவுக்கு அத்தா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் ஆடுகள் பதினொன்றும் இங்கே சுகம். ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். தினமும் போனில் பேசுகிற மனுஷருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று நாளாக இதைச் சொல்லத்தான் போன் போடுகிறேன், நீ சிரித்துக்கொண்டே அத்தா என்றதும், அங்கே வெயில் எப்படி என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால் நாளை விமானம் ஏறும் முகம்மது ரபீக் கையில் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை அப்புறம் தின்னலாம், முதலில் படி. பத்துப் பேரும் குதிரை என்றார்கள் என்று நான் சொன்னேனே, அது முழுப் பொய் இல்லை, ஆனால் பொய்தான். வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிடாதே.

கம்ப்யூட்டர் செஸ்ஸுக்கு நீ வரைகிற காய்களில் குதிரைதான் சந்தேகமாக இருக்கிறது, விரல் நகமளவுக்குச் சிறுத்தாலும் குதிரையாகத் தெரிகிறதா என்று செஸ் தெரியாத பத்துப் பேரிடம் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள் என்றாய். பத்துப் பேருக்கு நான் எங்கே போவேன், நம் ஆட்டுச் சந்தைக்குத்தான் போனேன். முதலில் திருச்சுழிப் பக்கத்து வியாபாரி உக்கிரபாண்டியிடம் போனை நீட்டினேன். அவர் பார்த்த மாத்திரத்தில் என் கை மேல் துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடித்து விலை பேச ஆரம்பித்துவிட்டார். "கெடா நல்லாத்தான் இருக்கு பாய், எத்தன பல்லு?" என்று பல்லை வைத்து வயசுக் கேள்வி வேறு. அடுத்து ஆடு விற்க வந்த கருத்தம்மாள், "இதுக்குச் சளி புடிச்சிருக்கு, சுக்கு அரைச்சு ஊத்துங்க" என்றது. இப்படி எட்டுப் பேர் ஆடு என்றார்கள், ஒருவர் கழுதை என்றார். பத்தாவது ஆள் கிடைக்காமல் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் காட்டினேன், அவள் மட்டும் கண்ணாடி கூடப் போடாமல் குதிரை என்றாள்.

அன்று ராத்திரியே இதைச் சொல்லியிருக்க வேண்டும். எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்த பிள்ளை, குதிரை சரியாக வந்தால் மற்ற காய்களையும் என்னையே வரையச் சொல்லுவாக அத்தா என்று சொன்னாயே, அதை நினைத்ததும் எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, அது புள்ளியால் ஆனதில்லை, கோடும் வளைவும் கணக்காக எழுதி வைத்தது என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. மறுநாள் பாளையம்பட்டியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெகதீஸ்வரனிடம் போய்ப் பத்தடி உயரத்துக்கு அடித்துவிட்டேன். அவன் அசந்துவிட்டான். "எல்லாரும் வாட்ஸப் போட்டோவைக் கொண்டுவந்து பெரிசாக்கச் சொல்லி என் உயிரை எடுக்காக, இதுல ஒரு பிசிறு இல்லையே பாய், யார் போட்டது?" என்றான். என் மகள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கும் பத்தடி உயரம் இருந்தது. பிளக்ஸை வீட்டு முன்னால் கட்டிப் போகிற வருகிற பத்துப் பேரைக் கேட்டேன், பத்துப் பேரும் குதிரை என்றார்கள், இது எந்தக் கட்சிச் சின்னம் என்று மட்டும் இரண்டு பேர் கேட்டார்கள். அதைத்தான் உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நீ நகமளவு கேட்டாய், நான் பத்தடியில் சாட்சி பிடித்தேன். நீயோ உண்மையாவா அத்தா என்று கேட்டுவிட்டு அழுதாய். அன்றே பிளக்ஸைக் கழற்றி ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டேன்.

நேற்று கருத்தம்மாள் வீட்டுக்கே போய், எதை வைத்து ஆடு என்று சொன்னாய் என்று கேட்டேன். "தாடி தொங்குது, காது கொம்பாட்டம் பின்னால சாஞ்சு கெடக்கு, அது ஆடு இல்லாம கலெக்டரா?" என்றது. பெரிய படத்தில் தாடைக்குக் கீழே நீ போட்ட அந்த வளைவு அழகுதான், சிறுத்தால் தாடியாகிவிடுகிறது. ஒரு தாளில் படத்தை அச்செடுத்து வெள்ளை மையால் தாடியை அழித்தேன், பிடரியைப் பட்டையாக்கினேன், காதை நிமிர்த்தினேன், போனில் படம் பிடித்து நகமளவுக்குச் சுருக்கினேன். இன்று சந்தையில் உக்கிரபாண்டியிடம் நீட்டினேன். வழக்கம்போலத் துண்டோடு வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "குதிரைக்கெல்லாம் நான் வெல பேசுறதில்ல பாய்" என்று போய்விட்டார். சந்தை என்றும் பாராமல் அல்ஹம்துலில்லாஹ் என்று கத்திவிட்டேன். மற்ற எட்டுப் பேரும் குதிரை என்றே சொன்னார்கள், கழுதை என்றவர் உட்பட. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், என் கோடு கோணல், நீ உன் கணக்குப்படி நேராக்கிக்கொள்.

பொய் சொன்னதற்கு அத்தாவை மன்னித்துக்கொள். உனக்கு வேலை கிடைக்கவும் கண்ணும் கையும் நன்றாக இருக்கவும் ஐந்து வேளையும் கேட்கிறேன், அல்லாஹ் தருவான். ரொம்ப நேரம் திரையையே பார்க்காதே, வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்.

இன்னொன்று. பத்தாவது ஆள் பாக்கியாயிற்றே என்று இரண்டு படத்தையும் உன் அம்மாவிடம் கண்ணாடி போடச் சொல்லிக் காட்டினேன். புதியதைக் குதிரை என்றவள் பழையதைப் பார்த்து, "இது ஆடுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், புள்ள மனசு சங்கடப்படுமேன்னுதான் குதிரைன்னேன், அவகிட்ட சொல்லிராதீக" என்றாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

துஆவுடன் உன் அத்தா,
மதார் சாகிபு