ஏழு ஒன்றுகள்

அன்பு மச்சான் சின்னையாவுக்கு,

ரயில் இப்போது நம் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஹாலிஎலைக்கே வந்துவிட்டது. நாம் அடைத்த தேயிலைப் பெட்டிகளை மாட்டுவண்டியில் பண்டாரவளைக்கு ஏற்றிவிட்ட காலம் போயிற்று. நீ இருந்திருந்தால் பெட்டிகளுக்கு நம்பர் எழுதும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ரயிலைப் பார்க்க ஓடியிருப்பாய்.

ஆனால் அதைச் சொல்ல எழுதவில்லை. உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன் மச்சான்.

உனக்குத் தாய் தகப்பன் இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து அறை, பக்கத்துக் காம்பராக்காரன் என்பதால் என்னை மச்சானாக்கிக்கொண்டாய். ஒருநாள் பெட்டி மூடியில் வரிசையாக ஏழு ஒன்று எழுதினாய். பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. "இது எதுக்குமே வகுபடாது மச்சான். என்னை மாதிரி தனிக்கட்டை" என்றாய்.

அதைச் சரிபார்க்க உட்கார்ந்தோம். பெரிய எண் ஒன்று வகுத்தால் கூடவே சிறியது ஒன்றும் வகுத்தாக வேண்டும், அதனால் தன்னைத் தானே பெருக்கினாலும் அந்த எண்ணைத் தாண்டாத ஆயிரத்து ஐம்பத்து நான்கு வரை பார்த்தால் போதும் என்று நீதான் சொன்னாய். அதிலும் பிரிக்க முடியாத எண்களை மட்டும் எடுத்தோம். நூற்று எழுபத்தேழு வந்தது. ஆளுக்குப் பாதி. மூடிகளின் உள்பக்கம்தான் நமக்குச் சிலேட்டு.

இருநூற்று முப்பத்தொன்பது என் பங்கு. பாதி வகுத்திருந்தபோது, "வண்டி நிக்குது, சீக்கிரம் அடிங்க" என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். ஆணி அடிப்பவன் நான்தானே. கணக்கோடு சேர்த்து அந்த மூடியை அடித்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் கேட்டாய். "இருநூத்து முப்பத்தொம்பது என்னாச்சு மச்சான்?"

"மீதி வருது" என்றேன். திரும்பப் போடச் சோம்பல். வேறு காரணம் இல்லை.

கடைசி எண்ணையும் முடித்த அன்று உனக்கு எவ்வளவு சந்தோஷம். காய்ச்சலில் கிடந்தபோதும் அதே பேச்சுத்தான். "என் கல்லுல பேரு வேணாம். அந்த நம்பரப் போடு" என்றாய். உன் சமாதிக் கல்லில் நானே உளி பிடித்து வெட்டினேன். அப்போதாவது ஒருதரம் வகுத்துப் பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை? பயந்தேனா?

போன வாரம் உன் திதி. படையல் போட்டுவிட்டு உட்கார்ந்து வகுத்தேன். மீதி இல்லை மச்சான். மூன்று தடவை போட்டேன். நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது தடவை சரியாகப் போகிறது. அந்த இரண்டு எண்களையும் மேலும் பிரித்துப் பார்த்தேன், எதற்கும் பிரியவில்லை. வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

ஆடி அமாவாசைக்கு உளியோடு வருகிறேன். நீ கேட்ட எண்ணை அழிக்க மாட்டேன். அதன் கீழே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டுவேன். அது தனிக்கட்டை இல்லை மச்சான். நீ உயிரோடு இருந்தபோதே உனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பொய் சொன்னாலும் உன் மச்சான்,
வேலு