பதினோரு முறை திறந்த மூடி

அன்புக் குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் வீட்டுக் கூரையும் நலம், அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். வேறு மாதிரி வைத்துக்கொள்ள இப்போது தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, கொத்துக்கறியை வாணலியில் சிவக்க வதக்கிய பிறகே பானையில் இடுவது என்று இந்த வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை. கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவன்தான். டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், வியாழக்கிழமை எடை நாற்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் அடுத்த கீமோ மருந்தை ஏற்ற மாட்டார்கள், உடம்பு தாங்காது. அவர் அதைச் சொன்ன அன்றைக்கு அம்மா முப்பத்தொன்பதே கால். ஒன்றரை மாதமாகக் கஞ்சியைக்கூடக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறவள், சனிக்கிழமை தானாகவே, உன் வீட்டுக்கு வந்திருந்தபோது பாஸ்தாவில் ஊற்றித் தந்தாயே, அந்தக் கறிக்குழம்பு சாப்பிடணும்போல இருக்கு என்றாள். நான் சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு கறிக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர், என்ன சார், இன்னைக்கு என் தராசை முறைக்கவே இல்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் எடை அளவை ஆய்வாளனாக இருந்து அவர் தராசை மட்டும் நான்கு முறை முடக்கியவன் நான், கேட்க அவருக்கு உரிமை உண்டு.

வெங்காயம், கேரட், தக்காளி, பால் எல்லாம் நீ எழுதிய அளவிலேயே போட்டேன், அளவில் நான் தவற மாட்டேன். நீ அனுப்பிய ஸ்லோ குக்கர் மின்பானையில் குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம், ஒரு மணிக்குத் தட்டில் இருக்க வேண்டும். மூடியைத் திறக்காதே, திறந்தால் சூடெல்லாம் போய்விடும் என்று நீ எழுதியதைப் படிக்காமல் இல்லை, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டே படித்தேன். ஆனால் மூடியிருப்பதை அப்படியே நம்புவது என் தொழிலில் லஞ்சம் வாங்கியவன் செய்கிற வேலை. பதினோரு முறை திறந்தேன். சூடு முழுவதும் என் மூக்குக்கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது.

ஒரு மணிக்கு அம்மா தலைவாரிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி தானே நடந்து வந்து மேசையில் உட்கார்ந்தாள். என்னங்க, வாசனை தூக்குது, வயித்தைக் கிள்ளுது என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எடுத்துப் பார்த்தால் கேரட் நறுக்கென்றது, கறி ரப்பர். இதோ அஞ்சு நிமிஷம் என்றேன், மூன்று மணி நேரம் அதையே சொன்னேன். நடுவில் ரொட்டி நீட்டினேன், அதைத் தின்னா இதுக்கு இடம் இருக்காதுங்க என்று தள்ளிவிட்டுக் காத்திருந்தாள். நான்கு மணிக்குக் குழம்பு கெட்டியாக, செக்கச்செவேலென்று, நீ செய்ததைப் போலவே வந்தது. இரண்டு கரண்டி சாப்பிட்டாள். நல்லாத்தான் வந்திருக்கு, பசிதான் போயிடுச்சு, என்னைச் சொல்லணும் என்றாள். யாரைச் சொல்ல வேண்டும் என்று அந்த மூடிக்குத் தெரியும். மறுநாள் சூடு பண்ணிக் கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்சத்தை நான்தான் மூன்று நாள் தின்றேன். ஒரு கிலோ கூடியிருக்கிறேன், அதை அவள் பேருக்கு மாற்றித் தர எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. அம்மா முப்பத்தெட்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். மருந்து ஏற்றவில்லை. அடுத்து என்ன என்று கேட்டேன், பார்ப்போம் என்றார் டாக்டர். நானும் என் நாற்காலியிலிருந்து நிறையப் பேருக்குப் பார்ப்போம் சொல்லியிருக்கிறேன், அதை என்ன அர்த்தத்தில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவிடம் போனில் குழம்பைப் பற்றிக் கேட்காதே, பிரமாதம் என்று சொல்லி உன்னை ஏமாற்றுவாள். டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாயே, பார்த்தது போதும், வாங்கிவிடு. உனக்கு எல்லாம் முழு அளவில், குறையாமல் கிடைக்கட்டும்.

உன் அப்பா

பி.கு.: ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் பழைய ஐந்து கிலோ பித்தளை எடைக்கல்லைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அம்மா இறங்கியதும் அதை எடை மெஷினில் வைத்தேன். எங்க மெஷின் மேல சந்தேகமா சார் என்று நர்ஸ் சிரித்தாள். சரியாக ஐந்து கிலோ காட்டியது.