பழைய ரம்பத்துக்குக் கூடுதல் எண்ணெய்

அன்புள்ள லோசலினுக்கு,

நீயும் குழந்தையும் அத்தையும் சுகம்தானே? முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் தம்பி மாகா நன்றாக இருக்கிறான். இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிடுகிறான்.

போன வாரப் புயலில் யூகலிப்டஸ் மரம் ஒன்று அவன் அறைமேல் சாய்ந்து வாசலை அடைத்துவிட்டது, அவன் உள்ளே மாட்டிக்கொண்டான். கூரை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் வேலை செய்யும் தோட்டத்துப் புது மோட்டார் ரம்பம் முதல் வெட்டிலேயே மரத்துக்குள் சிக்கிக்கொண்டது. மிச்சம், முதலாளியம்மா கிளெனிஸின் அப்பா வைத்திருந்த பழைய ரம்பம்தான்.

கிளெனிஸின் மகன் டார்சி, புது ரம்பத்துக்குக் கலந்து வைத்த பெட்ரோலை அப்படியே ஊற்றப் போனான்.

"நில்லுப்பா!" என்று தடுத்தேன். "அதுல அம்பதுக்கு ஒரு பங்குதான் எண்ணெய். இந்தப் பழசுக்குப் பத்தாது, பாதியிலேயே எஞ்சின் இறுகிடும்."

"கூட ஊத்தினா புகையா கக்குமே!"

"கக்கட்டும். நின்னுபோனா மாகாவை எப்படி எடுக்கிறது?"

பக்கத்தில் இருந்த படகு எண்ணெயை நான் தொடவில்லை. அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு; ரம்பம் காற்றில் குளிர்வது. ரம்ப எண்ணெயையே இருபத்தைந்துக்கு ஒன்றாகக் கலந்து ஊற்றினேன். பலமுறை இழுத்த பிறகு ரம்பம் உறுமியது. ஒரே புகை.

உள்ளேயிருந்து மாகா கத்தினான்: "மச்சான், பாத்து அறு! என் காலு இந்தப் பக்கம்தான் இருக்கு!"

டார்சி சிரித்துவிட்டான். நான் சிரிக்காமல் ஒரு சாண் தள்ளி அறுத்தேன். கதவு திறக்கும்வரை ரம்பம் நிற்கவே இல்லை. மாகா வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது அவன் என் அறையில்தான் படுக்கிறான். பயங்கரக் குறட்டை. நான் எழுப்புவதில்லை.

இங்கே குழந்தைகளுக்கு நல்ல செருப்பு கிடைக்கிறது. பாப்பாவின் பாதத்தை நூலால் அளந்து அனுப்பு. எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் ஃபெலெட்டி